இரண்டு வசனத்துக்கு மேல் வேண்டாம்

1

இந்த வாரம் கம்பனி எனக்கு ஒரு கண்ணாடிக் கட்டி தந்தது. உள்ளங்கையளவுதான், ஆனால் நல்ல கனம். அதில் என் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். என் பெயரென்றால் அப்பா நாள் நட்சத்திரம் பார்த்து வைத்த ராஜகுலேந்திரன் அல்ல. கம்பனி என்னைக் கேட்காமலே வைத்த 'ரே'. அதற்குக் கீழே, உரையாடலில் ஐந்து வருடச் சிறப்புக்காக என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் கைதட்ட, கேக் வெட்டி, அதை என் கையில் தந்தார்கள். கேக்கின் ஓரம் காய்ந்திருந்தது.

மனைவி வசந்தி அதை ரிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். மகள் அபி எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "கதைச்சதுக்கு ட்ரோஃபியோ அப்பா? சீரியஸ்லி?" என்றாள். பிள்ளை கேட்டதில் பிழையில்லை. கதைப்பதற்குத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

இந்த வைகாசியோடு போர் முடிந்து ஒரு வருடம். கட்டியும் அதே கிழமையில் வந்து சேர்ந்தது. ரிவியில் நினைவுநாள் விளக்குகள் எரிய, பக்கத்தில் அந்தக் கண்ணாடியிலும் அவை எரிந்தன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

ஊரிலிருந்து யாராவது கனடாவில் என்ன வேலை என்று கேட்டால், படிப்பிக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். கேட்டவர்களுக்கும் திருப்தி, எனக்கும் மரியாதை. உண்மையில் நான் படிப்பிப்பது ஒன்றுமில்லை. விடிய ஐந்து மணிக்குக் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்காருவேன். அப்போது ஜேர்மனியில் முற்பகல் பதினொரு மணி. அங்கே ஆணி செய்கிற கம்பனி, பம்பு செய்கிற கம்பனி, காப்புறுதிக் கம்பனி என்று பலதிலும் வேலை செய்யும் பெரிய மனிதர்கள் என்னோடு ரெலிபோனில் அரை மணித்தியாலம் வியாபார ஆங்கிலம் பேசிப் பழகுவார்கள். நான் ஒருநாள் கொள்வனவாளர், ஒருநாள் கோபக்கார வாடிக்கையாளர், இன்னொருநாள் விமான நிலையத்தில் வரவேற்க வந்தவர். எல்லா வேடத்துக்கும் அட்டை உண்டு. அட்டையில் உள்ளதைக் கதைத்து, முடிவில் புள்ளி போட வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம் சும்மா பேச்சு. அதுதான் முக்கியம் என்று கம்பனி சொல்கிறது. அதற்கென்று தனியாக ஒரு சட்ட அட்டை, பிளாஸ்ரிக் உறை போட்டு என் மேசையில் ஒட்டியிருக்கிறது. 'ஹவ் ஆர் யூ' என்று கேட்டால் பதில் இரண்டு வசனத்துக்கு மேல் போகக் கூடாது. வருத்தம், சாவு, அரசியல், மதம் கூடாது. சொந்த விஷயம் ஏதும் வாயிலிருந்து விழுந்தால் அதைத் தொடர்ந்து கேட்கக் கூடாது. மூன்று விநாடிக்கு மேல் அமைதி விழுந்தால் காலநிலையை எடுத்துவிட வேண்டும்.

ஜேர்மன்காரரின் சிக்கல் என்னவென்றால், சுகமா என்று கேட்டால் அவர்கள் அதை ஒரு கேள்வி என்று நினைத்துவிடுகிறார்கள். யோசித்துப் பதில் சொல்கிறார்கள். ஓர் இயந்திரப் பொறியியலாளர் தன் பித்தப்பையிலிருந்து எடுத்த கல்லின் அளவைச் சொன்னார். இன்னொருவர் தன் மனைவி மூன்று கிழமையாகத் தன்னோடு கதைப்பதில்லை என்றார். இவர்களைப் பிடித்து, உண்மையைச் சொல்லாதீர்கள், 'ஃபைன், தாங்ஸ், அண்ட் யூ?' என்று சொல்லுங்கள் என்று திருத்துவதுதான் என் உத்தியோகம். திருந்தியவருக்கு ஐந்துக்கு ஐந்து.

என்னை வேலைக்கு எடுத்ததே எனக்கு ஜேர்மன் தெரியும் என்பதற்காக. எடுத்த அன்றே, அது தெரியும் என்று மாணவர்களுக்குக் காட்டக் கூடாது, காட்டினால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டார்கள். கண் இருப்பவனைக் கூலிக்குப் பிடித்துக் கண்ணைக் கட்டிவிடுகிற வேலை. அந்த ஜேர்மன் நான் வகுப்பில் இருந்து படித்ததல்ல. கனடாவுக்கு வர முதல் ஆறு வருடம் ஜேர்மனியில் ஹைல்புரோனுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினேன். அகதி மனு போட்டிருந்தேன். விசாரணைக்கு வந்த அதிகாரி நான் சொன்னதையெல்லாம் தட்டச்சு செய்து, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, ஆறாம் வருடம் நம்பவில்லை என்று கடிதம் போட்டார். அந்த நாட்டில் உண்மையைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த புள்ளி அதுதான். இப்போது அதே நாட்டுக்காரருக்குப் பொய் சொல்லப் பழக்குகிறேன்.

எனக்கு ஜேர்மன் தெரியாதென்று நினைத்துக்கொண்டு இவர்கள் ரெலிபோனைக் கையால் பொத்திப் பக்கத்து மேசைக்காரரோடு கதைப்பதெல்லாம் எனக்குக் கேட்கும். கனடாக்காரன் என்று சொல்லி இந்தியனைத் தந்திருக்கிறார்கள் என்றார் ஒரு விற்பனை மேலாளர். இந்த ஆள் இன்றைக்கும் வெயிலைப் பற்றித்தான் கேட்கிறான், வேறொன்றும் தெரியாது போல என்றாள் ஒருத்தி. பிறகு கையை எடுத்துவிட்டு, "சோ ரே, இட்ஸ் ஆல்வேய்ஸ் எ பிளெஷர்" என்பார்கள். நானும் பிளெஷர் என்பேன். பெரிய மனிதர்கள் எவ்வளவு சின்னவர்கள் என்று அறிய விரும்புகிறவர்களுக்கு என் கதிரையைச் சிபாரிசு செய்கிறேன்.

3

எனக்கு ஒரு அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவ. கிளிநொச்சிப் பக்கம் ஓர் உபதபாற்கந்தோரில் வேலை செய்தவ. அந்தக் காலத்தில் கொழும்புக்குக் கதைக்க வேண்டுமென்றால் கந்தோரில் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இணைப்புக் கிடைத்தால் மூன்று நிமிடம். அந்த இணைப்பைக் கொடுப்பதும் மூன்று நிமிடம் முடிந்ததென்று இடையில் புகுந்து சொல்வதும் அக்காவின் வேலை. ஊர்ச்சனத்தின் கதை முழுக்க அவவின் காதுக்குள்ளால்தான் போகும். ஒன்றையும் வெளியே விட்டதில்லை.

ஆனால் சனத்தின் மேல் அவவுக்கு ஒரே ஒரு கோபம் இருந்தது. "சுகமோ, சுகம், நீங்கள் சுகமோ எண்டு கேட்டுக் கேட்டே மூண்டு நிமிசத்தையும் முடிச்சுப் போடுவினம். சொல்ல வந்த விசயத்தைச் சொல்லாமல் வைச்சிட்டு, பிறகு கந்தோர் வாசல்லை நிண்டு அழுவினம்" என்பா. ஒருநாள், தகப்பன் செத்ததைச் சொல்ல வந்த ஒருவன் மாட்டின் சுகம் விசாரித்துக்கொண்டு நின்றபோது, அக்காவே இடையில் புகுந்து, "அண்ணை, விசயத்தைச் சொல்லுங்கோ, அரை நிமிசந்தான் கிடக்கு" என்றாவாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. நானும் சிரித்திருக்கிறேன்.

அத்தான் நெஞ்சுவலியில் முன்பே போய்விட்டார். அக்காவுக்கு ஒரே மகன் கோபி. என் மகள் அபியைவிட இரண்டு மாதம் மூத்தவன். போர் முற்றிய அந்த வருடம் தை மாதத்தில் புதுக்குடியிருப்பிலிருந்து அக்கா ரெலிபோன் எடுத்தா. பின்னால் செல் விழுகிற சத்தம். அக்கா சுகம் கேட்கவில்லை. "தம்பி, நாங்கள் கடற்கரைப் பக்கம் போறம். கோபி என்னோடை நிக்கிறான். இனி எடுக்கேலாது, யோசியாதை" என்று மூன்று செய்தியை ஒரு மூச்சில் சொல்லிவிட்டு வைத்தா. தபாற்கந்தோர்க்காரி. அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஒரு சத்தமும் இல்லை.

காணாமற்போனவர்களைத் தேடித்தருகிற ஓர் அமைப்புக்கு மனு நிரப்பினேன். கடைசியாகத் தெரிந்த முகவரி என்று ஒரு கட்டம். தறப்பாள் கொட்டிலில் இருப்பவவுக்கு என்ன முகவரி? புதுக்குடியிருப்பு என்று எழுதினேன். வீதிப் பெயரும் வேண்டும், இல்லாவிட்டால் கணினி ஏற்காதாம் என்று திருப்பி அனுப்பினார்கள். கடற்கரை வீதி என்று ஒன்றை நானே போட்டு அனுப்பினேன். கணினி ஏற்றுக்கொண்டது.

4

போர் முடியப்போகிற அந்த வைகாசியில் ரொறன்ரோவில் ஆளுக்காள் தளபதியாக இருந்தார்கள். அஜின்கோர்ட்டில் நான் இடியப்பம் வாங்கும் கடையில் கல்லாவில் இருப்பவர் இடியப்பத்தை எண்ணிக்கொண்டே, "உது பின்வாங்கல் இல்லை அண்ணை, உது ஒரு தந்திரம். எங்கடை பெடியள் ஆமியை உள்ளுக்கை விட்டு அடிக்கப் போறாங்கள்" என்றார். அந்த உள்ளுக்குள்தான் என் அக்கா இருந்தா. எனக்குப் பின்னால் நின்றவர் ஸ்ரௌவ்வில்லில் வாங்கிய புது வீட்டுத் தரைக்கு மாபிள் போடுவதா மரம் போடுவதா என்று யாருக்கோ ரெலிபோனில் சொல்லிக்கொண்டிருந்தார். இடையில் ரெலிபோனை விலக்கி, "அக்காவின்ரை பக்கம் ஏதும் தெரியுமோ? கடவுள் பாப்பார்" என்று எனக்குச் சொல்லிவிட்டு மாபிளுக்குத் திரும்பினார். கேள்வியையும் பதிலையும் அவரே சொல்லிவிட்டதால் எனக்கு வேலை இருக்கவில்லை.

அந்த மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம், போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்தது. குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தாய்மாரும் இருந்தார்கள். அபியும் இருந்தாள். தமிழில் ஒரு பந்தி எழுதத் தெரியாத பிள்ளை, தொண்டை கட்டக் கத்திவிட்டு வந்தாள். நான் போகவில்லை. மறுநாள் ஐந்து மணி வேலை என்று வீட்டில் இருந்தேன். வந்தவள் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்று, "மாமி அங்கை, கோபி அங்கை, நீங்கள் வீட்டிலை. ஹவ் கேன் யூ ஜஸ்ட் சிட்?" என்றாள். நான் சாப்பிடச் சொன்னேன்.

மறுநாள் அலுவலகத்தில் எங்கள் ரீம் லீடர் ராகவனின் முகம் சிவந்திருந்தது. ராகவன் கோயம்புத்தூர்க்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். முதல்நாள் அன்னையர் தினம். மனைவியை விருந்துக்குக் கூட்டிப் போனவர் நெடுஞ்சாலையில் இரண்டு மணித்தியாலம் நின்றிருக்கிறார். "தப்பா எடுத்துக்காதீங்க சார், ஃபீலிங்ஸ் எல்லாம் புரியுது. ஆனா ரோட்டை மறிச்சா யாருக்கு லாபம்?" என்று கேட்டுவிட்டு, என் குடும்பம் எல்லாம் ஃபைன்தானே என்றார். ஃபைன் என்றேன். நல்லது என்றார். வெறும் வாய் மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த மாதிரி, மத்தியானத்துக்குள் அந்த இரண்டு மணித்தியாலத்தையும் ஒரு புதுப் பயிற்சி அட்டையாக்கிவிட்டார்.

அட்டை இது: நீங்கள் கூட்டத்துக்குப் பிந்தி வருகிறீர்கள். மன்னிப்புக் கேளுங்கள். காரணம், சாலை மறியல். எதற்கான மறியல் என்று ஆசிரியர் கேட்பார். எனக்குத் தெரியாது, ஏதோ உள்ளூர்ப் பிரச்சினை என்று சொல்லிச் சிரித்து, கூட்டத்துக்குள் போங்கள்.

அந்த வாரம் அந்த அட்டையை ஏழு பேரோடு செய்தேன். எதற்கான மறியல் என்று நான் கேட்க, தெரியாது, ஏதோ உள்ளூர்ப் பிரச்சினை என்று ஏழு பேரும் சொல்லிச் சிரித்தார்கள். ஏழு பேருக்கும் புள்ளி போட்டேன். ஒருவர் நன்றாகச் சிரித்ததற்கு அரைப் புள்ளி கூடக் கொடுத்தேன். என்னைப் பற்றி நான் அறிந்தவற்றில் அந்த அரைப் புள்ளி மிகக் கேவலமானது.

5

அடுத்த திங்கள் கனடாவில் விடுமுறை. ஜேர்மனிக்கு இல்லை. அதனால் எனக்கும் இல்லை. போர் முடிந்துவிட்டதென்ற செய்தியை ரிவியில் பார்த்துவிட்டு, சேர்ட்டை மாட்டிக்கொண்டு காரை எடுத்தேன். வசந்தி வாசலில் நின்று, "இண்டைக்கும் போகத்தான் வேணுமோ?" என்று மட்டும் கேட்டாள். வீட்டில் இருந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், அபியின் முகத்தைப் பார்க்க வேண்டும். வேலைக்குப் போனால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதற்காகவே போனேன்.

எட்டு மணிக்கு லிண்ட்னர் அம்மையார். ஐம்பத்தெட்டு வயது. தெற்கு ஜேர்மனியில், சுவாபியப் பக்கத்தில் ஒரு பம்புக் கம்பனியில் உதிரிப்பாகங்கள் கொள்வனவு செய்யும் பகுதிக்குப் பொறுப்பு. கம்பனியை அமெரிக்கர் வாங்கிவிட்டதால் ஆங்கிலப் பரீட்சையில் தேறினால்தான் வேலை நிலைக்கும். பதினொரு மாதமாக நான் பார்த்த மாணவர்களில் சும்மா பேச்சுக்கு ஆகவே ஆகாதவர் இவர்தான். சுகமா என்றால் முழங்கால் வலியைச் சொல்வார். தாயாரின் மறதியைச் சொல்வார். சொல்லிவிட்டு, உண்மையாகவே கேட்கிறீர்களா, சும்மாதான் கேட்கிறீர்களா என்று என்னைக் கேட்பார். சும்மாதான் என்று நானும் ஒவ்வொரு முறையும் விளங்கப்படுத்துவேன். முட்டாள் மனுஷி என்று நினைத்துக்கொண்டு ஐந்துக்கு ஒன்று போடுவேன்.

அன்றைக்கு, ஹவ் ஆர் யூ என்று நான் கேட்டதும், "ஃபைன், தாங்ஸ். அண்ட் யூ?" என்று அச்சொட்டாகச் சொன்னார். பதினொரு மாத உழைப்பு. பாராட்ட வேண்டியவன், ஃபைன் என்று சொல்லிவிட்டு அட்டையை எடுத்தேன். அதே அட்டை. அவர் பிந்தி வந்தார், மன்னிப்புக் கேட்டார். எதற்கான மறியல் என்று கேட்டேன். எனக்குத் தெரியாது, ஏதோ உள்ளூர்ப் பிரச்சினை என்றார். அட்டையில் எழுதியிருந்ததால் கஷ்டப்பட்டு ஒரு சிரிப்பும் சிரித்தார்.

எனக்கு அடுத்த வரி வரவில்லை. அட்டை கையில்தான் இருந்தது. மூன்று விநாடி போனது, காலநிலையை எடுத்திருக்க வேண்டும். பத்து விநாடி போனது. அவர் ரெலிபோனைப் பொத்தாமலே பக்கத்தில் இருந்தவரிடம் ஜேர்மனில் சொன்னார்: அந்த மனுஷனுக்கு என்னவோ நடந்திருக்கிறது, மூச்சு ஒழுங்காக வரவில்லை. இந்த ஐந்து வருடத்தில் ரெலிபோனின் அந்தப் பக்கத்திலிருந்து ஜேர்மனில் என்னைப் பற்றி நான் கேட்ட எல்லாவற்றிலும் ஏளனமில்லாத ஒரே வசனம் அது. பிறகு என்னிடம், நான் பதினொரு மாதமாகத் தேய்த்துத் தேய்த்து அழிக்கப் பார்த்த அதே பாரமான தொனியில், "ரே. ஹவ் ஆர் யூ?" என்று இரண்டாம் தரம் கேட்டார்.

நான் ஜேர்மனில் பதில் சொன்னேன். இன்று காலை என் நாட்டில் போர் முடிந்துவிட்டது, என் அக்காவும் அவ மகனும் அதற்குள் இருந்தார்கள், உயிரோடு இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது என்றேன். இந்த மூன்றையும் சேர்த்து நான் அதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வசந்தியிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த மனுஷி எல்லாம் நல்லபடி முடியும் என்று சொல்லவில்லை. அக்காவின் பெயர் என்ன, வயது என்ன, மகன் எவ்வளவு உயரம், கடைசியாக எங்கிருந்து எடுத்தார்கள், பிடிபட்டவர்களை எங்கே கொண்டுபோகிறார்கள், அங்கே யார் பட்டியல் வைத்திருக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டார். காணாமற்போன ஒரு பெட்டியைத் தேடுகிறவர் மாதிரித்தான் கேட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. கோபியின் உயரம் எனக்குத் தெரியவில்லை. அவனைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்று சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் பொறுத்திருந்தார். வெயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில், இவ்வளவு நல்ல ஜேர்மனை எங்கே படித்தீர்கள் என்றார். ஹைல்புரோனில் ஒரு குசினியில் என்றேன். அப்படியென்றால் முழுப் பதினொரு மாதம் தன்னை இந்த ஆங்கிலத்தோடு மல்லுக்கட்ட விட்டிருக்கிறீர்கள் என்றார். தான் பக்கத்து மேசைக்குச் சொன்னதெல்லாமும் எனக்கு விளங்கியிருக்கிறதே என்றார். எல்லாம் என்றேன். மன்னிக்க வேண்டும் என்றார். அந்த மன்னிப்பு அட்டையில் இருந்ததல்ல.

6

எல்லா வகுப்பும் ஒலிப்பதிவாகிறது. ஒரு வாரம் கழித்து ராகவன் என்னைக் கூப்பிட்டார். "சார், ஒரு ரெக்கார்டிங்ல ஒன்பது நிமிஷம் ஜெர்மன் ஓடுது. ரிப்போர்ட் போடணும். ஆனா ஆபீஸ்ல ஜெர்மன் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான். நீங்களே கேட்டு டிரான்ஸ்லேட் பண்ணிக் குடுத்துடுங்களேன்" என்றார். களவெடுத்தவனையே விசாரணைக்கு வைக்கிற நிர்வாகத்தைக் கனடாவில்தான் பார்க்கலாம்.

ஹெட்செட்டை மாட்டி என் அழுகையை நானே இரண்டு தரம் கேட்டேன். பிறகு எழுதினேன். ஆசிரியர் வார இறுதி எப்படிப் போனது என்று கேட்கிறார். மாணவி தோட்டத்தில் வேலை செய்ததாகச் சொல்கிறார். மகன் எவ்வளவு உயரம் என்ற இடத்தில், தக்காளிச் செடி எவ்வளவு உயரம் என்று எழுதினேன். அழுத இடத்தில், ஆசிரியருக்குத் தடிமன், மூக்கை உறிஞ்சுகிறார் என்று எழுதினேன். ஒன்பது நிமிடத்துக்கு இரண்டு பக்கம். ராகவன் வாசித்துவிட்டு, கன்டென்ட் ரொம்ப நேச்சுரலா இருக்கு, இதையே இங்கிலீஷ்ல பண்ணியிருந்தா மாடலாவே வைக்கலாம் என்றார். பிறகு அப்படியே வைத்தார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இப்போதும் அந்த இரண்டு பக்கத்தைத்தான் கொடுக்கிறார்கள். தக்காளிச் செடியின் உயரத்தை ஒரு பெட்டைப்பிள்ளை மனப்பாடம் செய்ததைக் காதால் கேட்டேன்.

லிண்ட்னர் அம்மையார் பரீட்சையில் தேறினார் என்று கேள்வி. அதன்பிறகு என்னிடம் வகுப்புக்கு வரவில்லை.

7

அக்கா எடுத்தது ஆனி மாதத்தில், ஒரு ஞாயிறு காலை. வசந்தி பால் வாங்கப் போயிருந்தாள். அபி நித்திரை. நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். தெரியாத இலக்கம். வவுனியா முகாமுக்குள் யாரோ ஒளித்து வைத்திருந்த ரெலிபோன், பின்னால் வரிசை என்று பிறகுதான் அறிந்தேன்.

"தம்பியோ?"

"அக்கா."

"எப்பிடி இருக்கிறாய்?"

"நல்லா இருக்கிறன். நீங்கள்?"

"நானும் நல்லா இருக்கிறன்."

அதற்குப் பிறகு அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் ஒரு குழந்தை அழுதது. யாரோ கெதியாகக் கதைக்கச் சொல்லி நெருக்கினார்கள். அக்காவின் மூச்சு எனக்குக் கேட்டது. தை மாதத்தில் மூன்று செய்தியை ஒரு மூச்சில் சொன்ன மனுஷி, சுகம் விசாரித்தே நிமிடத்தை வீணாக்குகிற சனத்தைப் பார்த்து வாழ்நாள் முழுக்கச் சிரித்த மனுஷி, சுகம் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றா. நான் கேட்பேன் என்று நின்றா. கேட்டால் சொல்லலாம் என்று நின்றா.

"அங்கை வெயிலோ அக்கா?" என்றேன்.

"ஓம். நல்ல வெயில்" என்றா. "வைக்கிறன் தம்பி, ஆக்கள் நிக்கினம்."

கோபி சித்திரைக் கடைசியில், கடற்கரையில், செல் விழுந்து செத்துப்போனான். அது எங்களுக்குத் தெரிந்தது அந்த அழைப்புக்குப் பதினாறு நாள் கழித்து, அதே முகாமிலிருந்து வெளியே வந்த வேறொருவர் வாயால். அக்காவே கையால் மண்ணைக் கிண்டித் தாட்டுவிட்டு வந்தாவாம். இப்போது அக்கா வவுனியாவில் ஓர் அறை எடுத்து இருக்கிறா. ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கிறோம். மழை பெய்ததா, வெங்காயம் என்ன விலை, முழங்கால் எப்படி என்று கதைக்கிறோம். எனக்குத் தெரியும் என்று அவவுக்குத் தெரியும். ஒரு வருடமாக ஒருவரும் அவன் பெயரை எடுக்கவில்லை.

கம்பனிச் சட்டம் நாக்கில் ஊறிவிட்டது என்று சொல்லி நான் தப்பலாம். ஊரில் இருப்பவர்கள் நம்புவீர்கள், பாவம் மனுஷன் என்பீர்கள். அது பொய். அன்றைக்கு எனக்குப் பயம். கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். ரெலிபோனைப் பொத்திக்கொண்டு ஏளனம் செய்தவர்கள், மாபிள்காரர், அட்டை எழுதிய ராகவன் என்று இவ்வளவு பேரையும் இவ்வளவு நேரம் கேவலப்படுத்தி எழுதினேன். அவர்களில் ஒருவருக்கும் அக்கா ரெலிபோன் எடுக்கவில்லை. எனக்கு எடுத்தா.

அந்த ஞாயிறு நான் ரெலிபோனைக் கையில் வைத்தபடியே நின்றேன். தேத்தண்ணி ஆறிவிட்டது. வசந்தி பாலோடு உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் பையை அப்படியே கீழே வைத்தாள்.

"அக்கா எடுத்தவ" என்றேன். "நல்லா இருக்கிறாவாம்."

வசந்தி கைகூப்பி மேலே பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு, "கோபி?" என்றாள்.

நான் ஆறிப்போன தேத்தண்ணியைத் தொட்டிக்குள் ஊற்றினேன்.

"கோபி எப்பிடியாம்? அவன் கதைச்சவனோ?" என்று இரண்டாம் தரம் கேட்டாள்.

"அங்கை நல்ல வெயிலாம்" என்றேன்.